பத்திரம் யார் கையில்?

வீடும் நிறமும்: அமெரிக்க வீட்டுக்கடனின் வரலாறு – 6

சென்ற அத்தியாயத்தில் வாஷிங்டனில் இருந்தோம். 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வங்கிகள் தரும் வீட்டுக்கடனுக்கு அரசே ஜாமீன் நிற்கும் முறையைக் கொண்டுவந்ததைப் பார்த்தோம். அதற்கு முன்பு, வீட்டு விலையில் பாதியை முன்பணமாகக் கட்ட முடிந்தவருக்குத்தான் கடன். அதையும் ஐந்து, பத்து ஆண்டுகளில் அடைத்தாக வேண்டும். அரசு ஜாமீன் நின்றதும் முன்பணம் குறைந்தது, தவணைக்காலம் இருபது ஆண்டுகளைத் தாண்டி நீண்டது. மாதச் சம்பளக்காரர் சொந்த வீட்டுக்காரர் ஆனார். அவர் வெள்ளையராக இருந்தால் மட்டும். நிர்வாகம் 1938இல் வெளியிட்ட கையேடு, வேறு இனத்தவர் ஒரு குடியிருப்புக்குள் வராமல் தடுக்கும் நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதிவைக்கப் பரிந்துரைத்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை அரசு ஜாமீன் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த அத்தியாயத்தில் சிகாகோவுக்குப் போகிறோம். வங்கிகள் கதவைச் சாத்திய தெருக்களில் யார் கடை விரித்தார்கள், அவர்களிடம் மக்கள் எதைப் பறிகொடுத்தார்கள், பிறகு சாதாரணக் குடும்பங்கள் சேர்ந்து வங்கிகளின் கணக்கேட்டை எப்படித் திறக்கவைத்தன என்பது இந்தக் கதை.

மிசிசிப்பியிலிருந்து லான்டேலுக்கு

கிளைட் ராஸ் 1923இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் பகுதியில் பிறந்தவர். அவருடைய தந்தைக்குச் சொந்த நிலம் இருந்தது. மாடும் குதிரையும் பன்றியும் இருந்தன. வரி பாக்கி என்று சொல்லி அதிகாரிகள் நிலத்தைப் பிடுங்கினார்கள். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வைத்து வாதாட வக்கீலும் இல்லை. சொந்த நிலத்தில் உழுத குடும்பம் வாரத்துக்கு உழும் குடும்பமாயிற்று. ராஸ் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, 1947இல் சிகாகோவுக்கு வந்தார். தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினத்தவரில் அவரும் ஒருவர். கேம்பல் சூப் ஆலையில் வேலை கிடைத்தது. திருமணமானது, குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆசை சொந்த வீடு.

1961இல் நகரின் மேற்குப் பகுதியான வடக்கு லான்டேலில் ஒரு வீட்டை வாங்கினார். விலை 27,500 டாலர். விற்றவர் அதே வீட்டை ஆறு மாதங்களுக்கு முன்புதான் 12,000 டாலருக்கு வாங்கியிருந்தார். இடையில் வீட்டில் எதுவும் மாறவில்லை. ராஸ் குடிவந்த மூன்றாம் மாதம், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் வெடித்தது. சிகாகோவின் குளிரில் அது இல்லாமல் வீட்டில் இருக்க முடியாது. சரிசெய்யும் செலவு முழுவதும் ராஸ் தலையில் விழுந்தது.

இவ்வளவு விலை கொடுத்து ஏன் வாங்கினார்? ஏமாளியாக இருந்ததாலா? வங்கிக் கடன் அவருக்குக் கிடைக்காது என்பதுதான் ஒரே காரணம். நிலையான வேலையில் இருந்த, ராணுவத்தில் பணியாற்றிய ஒருவருக்குக் கடன் மறுக்கப்பட்டது. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் அதே நிலைதான். மிச்சமிருந்த ஒரே வழி, விற்பவரிடமே தவணைக்கு வாங்குவது.

ஒரு தவணை தவறினால்

இந்த ஒப்பந்த விற்பனை நடந்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கடனில் வீடு வாங்கினால் முதல் நாளே பத்திரம் வாங்கியவர் பெயருக்கு மாறிவிடும். ஒவ்வொரு தவணை கட்டும்போதும் வீட்டில் அவருடைய பங்கு கொஞ்சம் கூடும். இடையில் முடியாமல் போனால் வீட்டை விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். வங்கி ஜப்தி செய்வதற்கும் சட்டம் வகுத்த முறை உண்டு.

ஒப்பந்தத்தில் இவை எதுவும் கிடையாது. கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். பத்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வாங்கியவருக்கு வீட்டில் சல்லிக்காசுப் பங்கு கிடையாது. ஆனால் சொத்து வரி, காப்பீடு, கூரை ஒழுகினால் அதன் செலவு எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு தவணை தவறினால் போதும், விற்றவர் நீதிமன்றத்துக்குப் போய் அவரை வாடகைக்காரரைப் போல வெளியேற்றலாம். முன்பணமும் அதுவரை கட்டிய தவணைகளும் போனது போனதுதான். அதே வீடு அடுத்த வாரமே இன்னொரு கறுப்பினக் குடும்பத்துக்கு, புதிய முன்பணத்தோடு, மறுபடி விற்பனைக்கு வரும். வீட்டுக்காரருக்கு உரிய பொறுப்புகளும் வாடகைக்காரருக்கு உரிய நிச்சயமின்மையும் ஒரே ஆளின் தலையில் விழுந்தன.

அதனால் தவணை தவறக் கூடாது என்று குடும்பங்கள் உயிரைக் கொடுத்து உழைத்தன. ராஸ் ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் பார்த்தார். பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் தனியாக வளர்ந்தார்கள். தவணைக்காக அறைகளை உள்வாடகைக்கு விட்டார்கள், மராமத்தைத் தள்ளிப்போட்டார்கள். வீடுகள் பாழடைந்தன. இந்த மக்களுக்கு வீட்டைப் பராமரிக்கத் தெரியாது என்று பிறகு வெளியிலிருந்தவர்கள் பேசினார்கள். பராமரிப்புக்கு வைத்திருந்த பணம் யாருடைய பைக்குப் போனது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்ட ஒருவர் மார்க் சாட்டர் என்ற வழக்கறிஞர். லான்டேலிலேயே சில கட்டடங்களுக்குச் சொந்தக்காரரான வெள்ளையர், யூதர். வெளியேற்ற வழக்குகளில் சிக்கிய குடும்பங்களுக்காக 1950களின் இறுதியிலிருந்து நீதிமன்றம் ஏறினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். சிகாகோவில் கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்ட வீடுகளில் 85 சதவீதம் ஒப்பந்தத்தில் விற்கப்பட்டவை என்பது அவருடைய மதிப்பீடு. 1965இல், ஐம்பது வயதை எட்டும் முன்பே அவர் இறந்துபோனார். அவருடைய மகள் பெரில் சாட்டர் வரலாற்றாசிரியராகி, தந்தையின் காகிதங்களிலிருந்து தொடங்கி இந்தச் சுரண்டலின் முழுக் கதையையும் 2009இல் நூலாக எழுதினார்.

பயமே முதலீடு

விற்பனைக்கு இத்தனை வீடுகள் எங்கிருந்து வந்தன? வெள்ளையரின் பயத்திலிருந்து. ஒரு தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்தால் போதும், தரகர்கள் கதவு கதவாகத் தட்டுவார்கள். இனி உங்கள் வீட்டுக்கு விலை கிடைக்காது, இப்போதே விற்றுவிடுங்கள் என்பார்கள். கறுப்பினப் பெண்களுக்குக் கூலி கொடுத்து, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடக்கச் சொன்ன தரகர்களும் உண்டு. பயந்துபோன வெள்ளையக் குடும்பம் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் புறநகருக்குப் போகும். அங்கே அதற்கு அரசு ஜாமீனோடு வங்கிக் கடன் காத்திருக்கும். தரகர் அந்த வீட்டை இரட்டிப்பு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்கு ஒப்பந்தத்தில் விற்பார்.

1950இல் வடக்கு லான்டேலில் நூற்றுக்கு 13 பேர் கறுப்பினத்தவர். 1960இல் நூற்றுக்கு 91 பேர். பத்தே ஆண்டுகளில் ஒரு நகரத்தளவு மக்கள் இடம் மாறியிருந்தார்கள். இந்த வியாபாரத்தில் ஒரு கொடுமை உண்டு. வீடுகளை வாங்கிக் குவிக்கத் தரகர்களுக்குப் பணம் கொடுத்தவை சேமிப்பு நிறுவனங்கள். அதே தெருவில் அதே வீட்டை வாங்க ராஸுக்குக் கடன் தராத நிறுவனங்கள், அதை வாங்கி அவருக்கு இரட்டிப்பு விலைக்கு விற்றவருக்குக் கடன் தந்தன.

புதன்கிழமைக் கூட்டங்கள்

1966 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் குடும்பத்தோடு வடக்கு லான்டேலுக்கு வந்து, ஹாம்லின் அவென்யூவில் ஒரு பாழடைந்த வாடகை வீட்டில் தங்கினார். வடக்கு நகரங்களின் வீட்டுப் பிரச்சினையை நாடு பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த ஆகஸ்டில் வெள்ளையர் பகுதியான மார்க்கெட் பார்க்கில் ஊர்வலம் போனபோது கல்லடி பட்டார். அந்த ஆண்டோடு அவருடைய இயக்கம் பெரும்பாலும் நகரை விட்டுப் போனது. லான்டேல் மக்கள் தாங்களே தொடர்ந்தார்கள்.

ஜாக் மெக்னமாரா என்ற இளைஞர், ஏசு சபையில் குருத்துவப் பயிற்சியில் இருந்தவர், 1967இல் கல்லூரி மாணவர்கள் சிலரோடு லான்டேலில் வந்து தங்கினார். அந்தப் பகுதியின் பங்குத்தந்தை ஜாக் ஈகன் துணை நின்றார். அவர்கள் செய்த முதல் வேலை எளிமையானது. மாணவர்கள் நகர மையத்தில் இருந்த ஆவணப் பதிவகத்துக்குப் போய், ஒவ்வொரு வீட்டையும் தரகர் என்ன விலைக்கு வாங்கினார் என்று தேடி எழுதி வந்தார்கள். அந்தத் தொகையை வீட்டில் குடியிருப்பவரிடம் காட்டினார்கள்.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் தன் சுமையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கம், அக்கம்பக்கத்தில் வாய் திறக்கவிடவில்லை. இரண்டு தொகைகள் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது வெட்கம் கோபமாக மாறியது. எதிர்வீட்டுக்காரர், பின்தெருக்காரர் எல்லோருடைய கணக்கும் ஒன்றுபோலவே இருந்தது. 1968இல் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் உருவானது. புதன்கிழமை இரவுகளில் கூடினார்கள். ராஸ் அதன் தலைவர்களில் ஒருவர். உறுப்பினர்கள் 500 பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

நியாயமான விலைக்கு ஒப்பந்தத்தை மாற்றி எழுது என்று கேட்டார்கள். விற்றவர்கள் மறுத்ததும், அந்த ஆண்டு இறுதியில் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். அந்தத் துணிச்சலின் அளவை நாம் உணர வேண்டும். ஒரு தவணை தவறினாலே எல்லாம் போய்விடும் என்று ஆண்டுக்கணக்கில் நடுங்கி வாழ்ந்தவர்கள், தெரிந்தே, கூட்டாகத் தவணையை நிறுத்தினார்கள். 1970இல் காவலர்கள் வந்து வீட்டுச் சாமான்களைத் தெருவில் இறக்கிவைத்தார்கள். அவர்கள் போனதும் அக்கம்பக்கத்தார் கூடி, கட்டிலையும் மேசையையும் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார்கள்.

1969இல் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. விற்றவர்கள் மட்டுமல்லாமல் அவர்களுக்குப் பணம் கொடுத்த சேமிப்பு நிறுவனங்களும் எதிர்வாதிகள். இனத்தைக் காட்டிக் கூடுதலாகப் பறித்த பணத்தைத் திருப்பித் தா என்பது கோரிக்கை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1976இல் நடுவர் குழு சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்களின் ஒப்பந்தங்கள் குறைந்த விலைக்கு மாற்றி எழுதப்பட்டன. அது போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் பறிபோன பணத்துக்கு நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்கவில்லை.

அந்தப் பணம் எவ்வளவு? டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று, சிகாகோ ஆய்வாளர்களோடு சேர்ந்து 2019இல் கணக்கிட்டது. 1950களிலும் 60களிலும் சிகாகோவில் ஒப்பந்தத்தில் விற்ற வீடுகளின் விலை சராசரியாக 84 சதவீதம் ஏற்றப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டின் மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை கறுப்பினக் குடும்பங்களின் கையை விட்டுப் போயிருந்தது. ஒரே நகரத்தில், இருபதே ஆண்டுகளில்.

ஆஸ்டினின் அம்மாக்கள்

கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. வீடு விற்பதிலும் கடன் தருவதிலும் இனப் பாகுபாடு சட்டவிரோதம் என்றது. ஆனால் கையில் கோல் இல்லாத சட்டம் அது. புகாரை வாங்கிய வீட்டுவசதித் துறை, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசலாம், அவ்வளவுதான். அதற்குக் கூடுதல் அதிகாரம் 1988இல்தான் கிடைத்தது. இதைவிடப் பெரிய சிக்கல் ஆதாரம். எனக்குக் கடன் தரவில்லை என்று ஒருவர் சொன்னால், உன் வருமானம் போதாது என்று வங்கி சொல்லும். ஒரு பேட்டைக்கே தரவில்லை என்றால், யாரும் கேட்கவே இல்லை என்று சொல்லும். பொய் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் கேல் சின்கோட்டா. லான்டேலை அடுத்த ஆஸ்டின் பகுதியில் வாழ்ந்த வெள்ளையப் பெண், ஆறு மகன்களின் தாய். பிள்ளைகளின் பள்ளியில் நெரிசல், ஆசிரியர் பற்றாக்குறை என்று பெற்றோர் சங்கத்தில் பேசத் தொடங்கியவர், பள்ளி ஏன் சீரழிகிறது என்று தேடிப் போய் வங்கி வாசலில் வந்து நின்றார். ஆஸ்டின் மக்கள் தலைமுறையாகப் பணம் போட்டுவைத்த சேமிப்பு நிறுவனங்கள், அந்தப் பணத்தைப் புறநகர் வீடுகளுக்குக் கடனாகக் கொடுத்தன. ஆஸ்டினில் வீடு வாங்கவோ கூரையைச் சரிசெய்யவோ கேட்டால் இல்லை என்றன. கறுப்பினத்தவர் குடிவரும் பகுதி என்று முடிவு செய்ததும், அங்கிருந்த வெள்ளையருக்கும் கடன் நின்றது. பயந்து ஓடாமல், கறுப்பின அண்டைவீட்டாரோடு சேர்ந்து அந்தத் தெருவிலேயே இருக்க நினைத்தவர்களுக்கும் அதே தண்டனை.

சின்கோட்டா 1972இல் பல நகரங்களின் பேட்டைச் சங்கங்களைச் சிகாகோவில் கூட்டி, தேசிய மக்கள் நடவடிக்கை என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். உங்கள் பணம் எங்கே போகிறது என்று வங்கியைக் கேளுங்கள் என்பதுதான் அதன் பாடம். சொல்ல மறுத்த நிறுவனங்களிலிருந்து மக்கள் டெபாசிட்டைத் திரும்ப எடுக்கும் இயக்கம் சிகாகோவில் பரவியது. 1974இல் சிகாகோ நகரசபை, நகரத்தின் பணத்தை டெபாசிட்டாகப் பெற விரும்பும் வங்கிகள் எந்தப் பகுதிக்கு எவ்வளவு கடன் தந்தன என்று வெளியிட வேண்டும் என்று விதி செய்தது.

அந்தக் கோரிக்கை வாஷிங்டனை எட்டியது. விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் செனட்டின் வங்கிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். வங்கிகளின் கடும் எதிர்ப்பைத் தாண்டி வீட்டுக்கடன் வெளிப்படுத்தல் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1975 டிசம்பர் 31 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். பெருநகர வங்கிகளும் சேமிப்பு நிறுவனங்களும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டம் வாரியாக எத்தனை வீட்டுக்கடன், எவ்வளவு தொகை என்று ஆண்டுதோறும் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். லான்டேலுக்கு எத்தனை, புறநகருக்கு எத்தனை என்று தெரிந்துகொள்ள, இனி யாரும் வங்கி மேலாளரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஓடிப்போக முடியாத வங்கி

நகரின் தெற்கே இன்னொரு சம்பவம். சவுத் ஷோர் பகுதி கறுப்பினத்தவர் பகுதியாக மாறியதும், அங்கிருந்த வங்கியின் உரிமையாளர்கள் வங்கியை நகர மையத்துக்கு மாற்ற அனுமதி கேட்டார்கள். பகுதி மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஒழுங்குமுறை அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். 1973இல் ரான் கிரிவின்ஸ்கி, மேரி ஹாட்டன் என்ற இரு வெள்ளையரும் மில்டன் டேவிஸ், ஜேம்ஸ் ஃபிளெட்சர் என்ற இரு கறுப்பினத்தவரும் சேர்ந்து அந்த வங்கியை வாங்கினார்கள். மற்றவர்கள் கைகழுவிய தெருக்களில், பழைய அடுக்குமாடிக் கட்டடங்களை வாங்கிப் புதுப்பிக்க முன்வந்த உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் கடன் தந்தார்கள். கடன் திரும்பி வந்தது, கட்டடங்கள் நிமிர்ந்தன. பின்னாளில் ஷோர்பேங்க் என்று அறியப்பட்ட அந்த வங்கி, நிதி நெருக்கடிக்குப் பிறகு 2010இல் மூடப்பட்டது. ஆனால் கறுப்பினத்தவர் பகுதி என்றாலே நட்டம் என்ற வாதத்தை அது முப்பத்தேழு ஆண்டுகள் நடந்து காட்டிப் பொய்யாக்கியது.

கிரிவின்ஸ்கி வாஷிங்டன் போய், அடுத்த சட்டத்துக்கு ஆதரவாகச் சாட்சியம் சொன்னார். வங்கித் துறையில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. பிராக்ஸ்மயரின் வாதம் நேரானது. வங்கி நடத்தும் உரிமம் பொதுமக்கள் தருவது. அதைப் பெற்றவர், தான் கடை வைத்திருக்கும் ஊரின் கடன் தேவையைக் கவனிக்கக் கடமைப்பட்டவர். சமூக மறுமுதலீட்டுச் சட்டம் 1977 அக்டோபர் 12 அன்று அதிபர் கார்ட்டரின் கையெழுத்தோடு வந்தது. ஏழை, நடுத்தரப் பகுதிகள் உட்பட, தான் டெபாசிட் வாங்கும் எல்லாப் பகுதிக்கும் வங்கி கடன் தர வேண்டும், பாதுகாப்பான வங்கி நடைமுறைக்கு உட்பட்டு. வங்கி புதுக் கிளை திறக்கவோ இன்னொரு வங்கியை வாங்கவோ விண்ணப்பித்தால், இந்தக் கடமையை எப்படிச் செய்தது என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும். பொதுமக்களும் ஆட்சேபம் சொல்லலாம்.

அந்த ஆட்சேப உரிமை என்ன செய்யும் என்பது 1984இல் சிகாகோவிலேயே தெரிந்தது. நகரின் பெரிய வங்கியான ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் ஆஃப் சிகாகோ இன்னொரு வங்கியை வாங்க முனைந்தபோது, பேட்டைச் சங்கங்கள் கடன் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தன. அந்த வங்கி ஐந்து ஆண்டுகளில் 12 கோடி டாலர் பேட்டைக் கடனாகத் தர ஒப்புக்கொண்டது. ஹாரிஸ், நார்தர்ன் டிரஸ்ட் வங்கிகளும் சேர, மொத்தம் 17.3 கோடி டாலர்.

இந்த வெற்றிகளை நான் பெரிதாகவே மதிக்கிறேன். பணமோ பதவியோ இல்லாத மனிதர்கள் பதிவகத்தில் உட்கார்ந்து எழுதிவந்த தொகைகளில் தொடங்கி, ஒரு நாட்டின் வங்கிகளைக் கணக்குக் காட்டவைத்த கதை இது. ஆனால் இதில் இரண்டு குறைகள் இருந்தன, அவற்றை மறைக்கக் கூடாது. இரண்டு சட்டங்களும் இனிமேல் நடப்பதைப் பற்றியவை. லான்டேல் குடும்பங்கள் இழந்ததில் ஒரு டாலரைக்கூட அவை திருப்பித் தரவில்லை. அந்தப் பணம் வீடாக நின்றிருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் பேரப்பிள்ளைகளின் முன்பணத்துக்கும் போயிருக்கும். 1960இல் சொந்த வீடு வைத்திருப்பதில் வெள்ளையர் குடும்பங்களுக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கும் இடையே சுமார் 27 சதவீதப் புள்ளி இடைவெளி இருந்தது. அது இன்றும் குறையவில்லை.

இரண்டாவது குறை கணக்கேட்டிலேயே இருந்தது. எந்த வட்டத்துக்கு எத்தனை கடன் என்று காட்டிய அந்த ஏட்டில், கடன் கேட்டவர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்ற விவரம் இல்லை. கேட்டும் கிடைக்காமல் போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பிறந்த ஏட்டில் இனத்துக்கு இடமில்லை. 1988இல் அட்லாண்டாவில் பில் டெட்மன் என்ற இளம் நிருபர் அந்த அரைகுறை ஏட்டையே மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். ஒரே வருமானம் உள்ள வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பினத்தவர் பகுதிக்கும் வங்கிகள் தந்த கடன்களை எண்ணினார். அவர் கண்டது என்ன, அடுத்த ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஏட்டில் எதைச் சேர்க்க நேர்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)